கண்ணாடியில அலையாத்தி, ஸ்டேஷன்ல கூழைக்கடா: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரயில்வே ஸ்டேஷன், ஏர்போர்ட், மெட்ரோ இந்த மாதிரி இடங்கள்ல இலை, பூ, தண்ணி, பறவைன்னு இயற்கையை வச்சு கண்ணாடியில பண்ற ஆர்ட் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், கடைசியில போற போக்குல "நம்ம வடசென்னை மெட்ரோவுலயும் இப்படி ஒண்ணு வைக்கலாமே"ன்னு ஒரு வரி போட்டேன். மொத்தக் கட்டுரையையும் விட்டுட்டு அந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டீங்க. திட்டினவங்க, ஐடியா கொடுத்தவங்க, கணக்கு கேட்டவங்க எல்லாரும் இருக்காங்க, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

அண்ணா, இந்த மாதிரி உலகத்துல நெஜமாவே எங்க எங்க இருக்கு? சும்மா பெயின்ட் அடிச்சு விட்டதை எல்லாம் ஆர்ட்னு சொல்லாம, கண்ணாடியில பண்ணதா நாலு சொல்லுங்க.
– காலடிப்பேட்டை வாசகி

நாலு சொல்றேன் தங்கச்சி. முதல்ல பாரிஸ். 1900ல அங்க மெட்ரோ ஆரம்பிச்சப்ப எக்டர் கிமார்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வாசல் டிசைன் பண்ணார், வார்ப்பிரும்பை செடித்தண்டு கணக்கா வளைச்சு பச்சை பெயின்ட் அடிச்சு, அதோட நுனியில ஆரஞ்சு கலர் விளக்கை மொட்டு போல தொங்க விட்டுட்டார். போர்ட் தோஃபின்னு ஒரு ஸ்டேஷன் வாசல்ல கண்ணாடிக் கூரை ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கும், அதுக்கு ஊர் ஜனமே தும்பின்னு பேர் வச்சிருக்காங்க, இன்னைக்கும் இருக்கு. அந்தக் காலத்துல இதைப் பார்த்து முகம் சுளிச்சவங்க நிறைய பேர், இப்ப பாரிஸ் போஸ்ட்கார்டே அதுதான்.

ரெண்டாவது மாஸ்கோ, நோவோஸ்லோபோத்ஸ்காயா ஸ்டேஷன், 1952. தரைக்கு அடியில இருக்கிற ஸ்டேஷன், ஆனா பிளாட்ஃபாரம் முழுக்க 32 ஸ்டெய்ண்ட் கிளாஸ், அதாவது கலர் கண்ணாடித் துண்டைக் கோத்துப் பண்ண பலகைங்க, செடி கொடி வளையுற டிசைனும் நட்சத்திரமுமா. வரைஞ்சது பாவெல் கோரின், கண்ணாடி வேலை பண்ணது ரீகா ஊர்க்காரங்க. சூரியனே எட்டிப் பார்க்காத இடத்துல எப்படி மின்னுதுன்னா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி விளக்கை ஒளிச்சு வச்சிருக்காங்க.

மூணாவது தைவான்ல காவ்ஷியுங், ஃபார்மோசா புலவார்டு ஸ்டேஷன், 2008. இதை இத்தாலியில பொறந்த நார்சிசஸ் குவாலியாட்டா பண்ணார். குறுக்களவு 30 மீட்டர் இருக்கிற கூரை, கிட்டத்தட்ட 4500 கண்ணாடித் துண்டு, தண்ணி, மண், ஒளி, நெருப்புன்னு நாலு பகுதி. ஜெர்மனியில செஞ்சு கப்பல்ல கொண்டு வந்தாங்க. ட்ரெயின் பிடிக்கப் போறவன் கழுத்தை அண்ணாந்துகிட்டே நடந்து அடுத்தவன் மேல மோதுற ஸ்டேஷன் அது.

நாலாவதுல ஒரு தமாஷ் இருக்கு. அமெரிக்காவுல டகோமா ஊர் யூனியன் ஸ்டேஷன், 1911ல கட்டினது. டேல் சிஹூலின்னு உலகப் புகழ் கண்ணாடிக் கலைஞர், அதே ஊர்ல 1941ல பொறந்தவர், அவரோட பெரிய பெரிய வேலைங்க 1994ல இருந்து அங்க இருக்கு, பெரிய ஜன்னல் முழுக்க ஆரஞ்சு கலர் கண்ணாடித் தட்டுங்க, மொனார்க் பட்டாம்பூச்சி பேர்ல. ஆனா அந்த ஸ்டேஷனுக்கு ட்ரெயின் வர்றது 1984லயே நின்னு போச்சு, இப்ப அது கோர்ட்டு. கேஸுக்குப் போறவங்கதான் அண்ணாந்து பார்க்கணும். 1976ல ஒரு கார் ஆக்சிடென்ட்ல சிஹூலிக்கு ஒரு கண் போயிடுச்சு, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கண்ணாடி ஊதுற வேலையை டீம் ஆளுங்ககிட்ட விட்டுட்டு அவர் வரைஞ்சு கொடுத்து டைரக்ட் பண்றதுன்னு மாறிட்டார்.

இன்னா சார் இது, எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி தண்ணி லாரி, மழை பேஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி. நீங்க இன்னாடான்னா கலர் கண்ணாடி மாட்டலாம்னு எழுதறீங்க. வயித்தெரிச்சலா இருக்கு.
– கொருக்குப்பேட்டை வாசகர்

எரியாம இருந்தாத்தான் ஆச்சரியம். வடிகால் காசை எடுத்து கண்ணாடி வாங்குங்கன்னு நான் சொல்ல வரல, ரெண்டும் வேற வேற பெட்டி. நிறைய ஊர்ல சட்டமே இருக்கு, கவர்மென்ட் கட்டடம் கட்டினா அந்தக் கட்டடச் செலவுல நூத்துல ஒரு பங்கு ஆர்ட்டுக்குன்னு ஒதுக்கணும். அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா 1959ல ஆரம்பிச்சு வச்சது, தைவான்ல 1992ல சட்டம் வந்துச்சு. அந்த ஒரு பங்கு ஏற்கனவே கட்டப்போற ஸ்டேஷனோட காசு, உங்க தெரு காசு இல்ல. இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. அழகா எது வந்தாலும் அடையாறு பக்கம், ஓஎம்ஆர் பக்கம், குப்பைக் கிடங்கும் சாம்பலும் கன்டெய்னர் லாரியும்னா நம்ம பக்கம்னு ரொம்ப நாளா பழகிப் போச்சு. தண்ணியும் கேக்கணும், இதையும் கேக்கணும், ஒண்ணு வர்ற வரைக்கும் இன்னொண்ணு வேணாம்னு நாமளே சொல்லிட்டா ரெண்டையும் குடுக்காதவங்களுக்கு அது ரொம்ப வசதி.

ராயபுரம் ஸ்டேஷன்லயே ஸ்டெய்ண்ட் கிளாஸ் வச்சா கெத்தா இருக்குமே சார்?
– ராயபுரம் வாசகர், ஆட்டோ ஓட்டுநர்

வேணாம். 1856ல தென்னிந்தியாவோட முதல் ட்ரெயின் கெளம்பின ஸ்டேஷன், இன்னும் நிக்கிற ஸ்டேஷன் கட்டடங்கள்ல நாட்டுலயே பழசு. அந்தத் தூணுங்களுக்கு நடுவுல வர்ற வெறும் வெளிச்சமே போதும், கூட எதையும் ஒட்டாம விட்டாலே நாம பண்ற மரியாதை.

நான் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். திருவொற்றியூர் பக்கம் மெட்ரோவுல கண்ணாடி ஆர்ட் வைக்கணும்னு உங்ககிட்ட விட்டா எங்க வைப்பீங்க, என்ன வைப்பீங்க?
– திருவொற்றியூர் தேரடி வாசகர்

எங்க வைக்கிறதுங்கிறதுதான் முதல் கேள்வி, என்ன வைக்கிறதுங்கிறது அப்புறம். நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, மயில் வரையலாமா தாமரை வரையலாமான்னு கமிட்டி போட்டுப் பேசிட்டு கடைசியில லிஃப்ட் பக்கத்துல இருட்டு செவுத்துல ஒட்டிடுவாங்க. கண்ணாடி பின்னாடி வெளிச்சம் இல்லன்னா அது வெறும் கறுப்புப் பலகை தம்பி.

வண்ணாரப்பேட்டையில இருந்து விம்கோ நகர் வரைக்கும் போற லைன்ல தியாகராயா காலேஜும் தண்டையார்பேட்டையும் பூமிக்கு அடியில, புது வண்ணாரப்பேட்டையில இருந்து வண்டி மேல ஏறிடும். ரோடு கடலை ஒட்டியே வடக்கே போறதால மேல இருக்கிற ஸ்டேஷனுக்கெல்லாம் ஒரு பக்கம் கிழக்கு, ஒரு பக்கம் மேற்கு. ஐரோப்பாவுல சூரியன் தாழ்வாவே சுத்தும், தெற்கு ஜன்னல்ல பகல் பூரா வெளிச்சம் விழும், அங்க பண்ண டிசைனை அப்படியே இங்க தூக்கிட்டு வந்தா வேலைக்கு ஆகாது, ஏன்னா நம்ம ஊர்ல வருஷத்துல நிறைய நாள் மத்தியானம் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில நிக்கும், நேரா நிக்க வச்ச கண்ணாடி மேல அதிகம் படாது. நமக்கு கிடைக்கிறது காலையில கிழக்கு வெயில், சாயங்காலம் மேற்கு வெயில். நல்ல வேளையா கூட்டமும் அந்த ரெண்டு நேரத்துலதான். அதனால நான் கிழக்குப் பக்க கான்கோர்ஸ் (டிக்கெட் எடுக்கிற ஹால்) ஜன்னலைத்தான் கேப்பேன். காலையில வேலைக்கு ஓடுறவங்க மேலயும் தரை மேலயும் கலர் விழணும். மேற்குல வச்சா சூடு அதிகம், டார்க் கலர் கண்ணாடி வெயிலை நிறைய இழுக்கும், நடுவுல கொதிக்கும், ஃப்ரேமுக்குள்ள இருக்கிற ஓரம் குளுந்திருக்கும், அந்த இழுப்புலயே விரிசல் விட்டுடும். கூரையில மட்டும் வைக்கச் சொல்லாதீங்க, மத்தியான வெயில் மொத்தமா உள்ள இறங்கிடும்.

இப்ப என்ன வைக்கிறது. தாமரை வேணாம், மயில் வேணாம், அதெல்லாம் எல்லா ஏர்போர்ட்லயும் இருக்கு. எண்ணூர் கழிமுகத்துல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க, டிசைன் தானா வரும். அலையாத்தின்னு கழிமுகச் சேத்துல வளர்ற மரம், அதோட இலை ஒண்ணைப் பறிச்சு கையில வச்சுப் பாருங்க, மேல் பக்கம் எண்ணெய் தடவின பச்சை, திருப்பினா அடிப்பக்கம் சாம்பல் வெள்ளை, பொடிப் பொடியா உப்பு பூத்திருக்கும், விரலால தொட்டு நாக்குல வச்சா கரிக்கும். வேர் வழியா உள்ள வந்த உப்பை அந்தச் செடி இலை வழியா வெளிய தள்ளுது. இதைக் கண்ணாடியில கொண்டு வர்றது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, முன்பக்கம் பச்சை கண்ணாடி, பின்பக்கம் ஆசிட் எட்சிங் பண்ணி, அதாவது ஆசிட்டால லேசா அரிச்சு, மங்கலா விட்டா போதும், ஸ்டேஷனுக்கு உள்ள இருந்து பார்த்தா பச்சை, வெளிய ரோட்டுல இருந்து பார்த்தா சாம்பல் வெள்ளை. அந்த மரத்துக்கு சேத்துல இருந்து மேல குத்திக்கிட்டு நிக்கிற மூச்சு வேருங்க இருக்கும், பென்சில் பென்சிலா நூத்துக்கணக்குல, அதை ஜன்னலோட கீழ் வரிசையில நிக்க வைக்கலாம். அதுக்கு மேல பச்சை மட்டி ஓடு, உள்பக்கம் நீலமும் வெள்ளையுமா மினுங்குதே அந்தக் கலர். ஒரு மூலையில கூழைக்கடா. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து கழிமுகம் முழுக்க பரவினப்போ ரெக்கையெல்லாம் கறுப்பாகி பறக்க முடியாம தவிச்ச பறவை அது. அந்தக் கூழைக்கடாவை முழு வெள்ளையா வரையக் கூடாது, அதுவும் என் அபிப்பிராயம். எண்ணெய் படிஞ்ச பறவை ஒண்ணு கண்டிப்பா அந்த ஜன்னல்ல இருக்கணும், அதிகாரிங்க ஒத்துக்கறது கஷ்டம்தான், இருந்தாலும் கேட்டுப் பாக்கணும்.

தண்டையார்பேட்டை ஸ்டேஷன் பூமிக்கு அடியிலதானே, அப்ப எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா?
– தண்டையார்பேட்டை வாசகி

மாஸ்கோ கதையைத்தான் மேல சொன்னேனேம்மா. பின்னாடி எல்இடி வச்சு பெட்டியா பண்ணலாம். ஒரே ஒரு விஷயம் கண்டிஷனா சொல்லணும், விளக்கு மாத்த கதவு முன்பக்கம் திறக்கிற மாதிரியோ, பின்னாடி ஆள் நுழையுற சந்து விட்டோ கட்டணும். நாலு விளக்கு ஃபியூஸ் ஆனா கண்ணாடியையே கழட்டணும்னு வச்சுட்டா அப்புறம் யாரும் கழட்ட மாட்டாங்க, பாதி இருட்டு பாதி வெளிச்சமா அப்படியே கெடக்கும்.

நான் பதினஞ்சு வருஷமா கிளாஸ் ஃபிட்டிங் வேலை. ஆர்ட்டு கீர்ட்டு எல்லாம் சரி, கடல் காத்துல இது நிக்குமா? எந்த எம்எம் போடுவாங்க, உடைஞ்சு தலையில விழுந்தா?
– மூலக்கடை வாசகர்

அண்ணே, இந்த மொத்த கட்டுல உருப்படியான கேள்வி உங்களோடதுதான். கண்ணாடி தடிமன் எத்தனை எம்எம்ங்கிறது ஜன்னல் சைஸு, உயரம், காத்து வேகம் எல்லாம் கணக்கு போட்டு எஞ்சினியர் சொல்லணும், நான் இங்க உக்காந்து நம்பர் சொன்னா தப்பு. ஆனா டஃபண்டா (சூடேத்தி சட்டுன்னு குளிர வச்சு பலமாக்கின கண்ணாடி) லாமினேட்டடான்னு கேட்டா ரெண்டும் சேர்ந்தது. டஃபண்ட் உடைஞ்சா கல்கண்டு மாதிரி பொடியாயிடும், பெரிய காயம் வராது, ஆனா மொத்தமும் கொட்டிடும். லாமினேட்டட்ல ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிலிம் இருக்கிறதால உடைஞ்சாலும் ஒட்டிக்கிட்டு அங்கயே நிக்கும். ஆளு நடமாடுற இடத்துல தலைக்கு மேல வைக்கிறதுன்னா லாமினேஷன் இல்லாம பேசவே கூடாது. உங்களுக்குத் தெரியாதது இல்ல, டஃபண்ட் பண்ணினதுக்கு அப்புறம் வெட்டவோ ஹோல் போடவோ முடியாது, அதனால டிராயிங் ஃபைனல் ஆகாம கண்ணாடியை ஃபர்னஸுக்கு அனுப்பினா அவ்வளவுதான், மறுபடி முதல்ல இருந்து.

யாரும் தொடாமலே டஃபண்ட் டப்புனு வெடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. உருக்கும்போதே உள்ள மாட்டுற நிக்கல் சல்ஃபைடு துகள் பல மாசம் கழிச்சு கொஞ்சம் பெருக்கும், அது பண்ற வேலை. அதுக்குத்தான் ஹீட் சோக் டெஸ்ட், ஓவன்ல வச்சு சூடேத்துவாங்க, வெடிக்கிறது அங்கயே வெடிச்சிடட்டும்னு. காசு கூட ஆகும், பப்ளிக் இடத்துல அதை மிச்சம் பிடிக்கக் கூடாது.

கலர் விஷயத்துல, மேல ஸ்டிக்கர் பிலிம் ஒட்டுறது வேணவே வேணாம், நம்ம வெயிலுக்கு சீக்கிரமே வெளுத்து ஓரம் பிரிஞ்சிடும். செராமிக் இங்க்ல (கண்ணாடிப் பொடி கலந்த மை) பிரிண்ட் பண்ணி 600 டிகிரிக்கு மேல டஃபன் பண்ணும்போது அது கண்ணாடியோடயே உருகி ஒட்டிக்கும், சுரண்டினாலும் லேசுல வராது. இல்லன்னா உருக்கும்போதே கலர் சேர்த்த கண்ணாடி, நீலத்துக்கு கோபால்ட், சிவப்புக்கு தங்கம் இல்ல செலினியம், அது எத்தனை வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்.

உப்புக் காத்து கண்ணாடியை விட ஃபிட்டிங்கைத்தான் முதல்ல தின்னும். 304ங்கிற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டா கடல் பக்கத்துல பழுப்புக் கறை ஏறிடும், மாலிப்டினம் சேர்ந்த 316 போடணும், பில்லுல 316ன்னு போட்டு 304 மாட்டுறவங்களும் இருக்காங்க, செக் பண்ணிக்கணும். லாமினேஷன் ஓரத்தை வெறுமனே விட்டா ஈரக்காத்து உள்ள போய் ஓரம் பால் கலர்ல வெளுக்கும், ஃப்ரேமுக்குள்ள மூடி விடணும்.

கடைசியா கழுவுற விஷயம், இதைத்தான் எவனும் எஸ்டிமேட்ல போடுறதில்ல. நம்ம பக்கம் லாரி தூசி, நிலக்கரி தூசி, இதை காஞ்ச துணியில துடைச்சா பூரா கீறல். முதல்ல தண்ணி விட்டு தூசியை இறக்கணும். அதுவும் உப்பு போர் தண்ணின்னா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும். வருஷத்துக்கு எத்தனை வாட்டி, யாரு, எந்தத் தண்ணியில கழுவுறாங்கன்னு எழுத்துல இல்லாத கண்ணாடி ஆர்ட்டுக்கு நானே எதிர்ப்பு தெரிவிப்பேன்.

கண்ணாடி கட்டடத்துல மைனா, புறா எல்லாம் மோதி செத்து விழுது. இயற்கை பேரைச் சொல்லி பறவையைக் கொல்லப் போறீங்களா?
– எண்ணூர் வாசகி

ஞாயமான கோவம். வெறும் பளபளா கண்ணாடியில வானமும் மரமும் தெரியும், பறவை அதை நெஜம்னு நெனைச்சு போய் அடிக்கும். ஆனா டிசைன் போட்ட கண்ணாடி இதுக்கு மருந்து. கோடோ புள்ளியோ இலையோ, ரெண்டு டிசைனுக்கு நடுவுல இடைவெளி 5 சென்டிமீட்டருக்கு மேல போகாம இருந்தா பெரும்பாலான பறவை இதுல நுழைய முடியாதுன்னு விலகிடும். டிசைன் வெளிப்பக்கம் இருக்கணும், உள்பக்கம் பிரிண்ட் பண்ணிட்டு வெளிய பளபளன்னு விட்டா பிரதிபலிப்பு அப்படியேதான் இருக்கும். ஒரே ஒரு பெரிய பருந்து ஸ்டிக்கர் ஒட்டி விடுவாங்களே, அது பிரயோஜனம் இல்ல, பருந்துக்குப் பக்கத்துல இருக்கிற காலியில போய் மோதும்.

சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல கண்ணாடி மழைத்துளி மேலயும் கீழயும் ஆடுமே, அதைப் பத்தி ஏன் எழுதல?
– வியாசர்பாடி வாசகர்

அது கண்ணாடி இல்ல நண்பா, அதான் எழுதல. 2012ல டெர்மினல் 1ல வச்சது, 1216 துளி, அத்தனையும் செம்பு பூச்சு பூசின அலுமினியம். தூரத்துல இருந்து பார்க்கிற எல்லாரும் ஏமாறத்தான் செய்வாங்க. நம்ம நாட்டுல பார்க்கணும்னா மும்பை ஏர்போர்ட் டெர்மினல் 2 கூரையைப் பாருங்க, குழி குழியா இருக்கிற அந்த வெள்ளைக் கூரையில சின்னச் சின்ன கலர் கண்ணாடி வட்டம் பதிச்சிருக்காங்க, மயில் தோகை நெனப்புல. மயில் வேணாம்னு மேல நான்தான் சொன்னேன், ஆனா அங்க மயிலை வரையாம அதோட கலரை மட்டும் தரையில விழ வச்சிருக்காங்க, அது புத்திசாலித்தனம்.

காசிமேட்டு கரையில உடைஞ்ச பாட்டிலா கெடக்குது, கால்ல குத்துது. அதை உருக்கி ஆர்ட் பண்ண முடியாதா? நான் பிளஸ் டூ படிக்கிறேன்.
– காசிமேடு வாசகர்

சூப்பர் யோசனை தம்பி, ஒரு சிக்கல் மட்டும் இருக்கு. ஒவ்வொரு பாட்டிலும் ஒவ்வொரு கலவை, சூட்டுல விரியுற அளவு வேற வேற, பிரவுன் பாட்டிலையும் பச்சை பாட்டிலையும் ஒண்ணா உருக்கினா ஆறும்போது இழுத்துக்கிட்டு விரிசல் விட்டுடும். ஒரே ரக பாட்டிலா பிரிச்சு எடுத்தா முடியும், கடற்கரையில பொறுக்கினதுல அது நடக்கற காரியமில்ல. அதை விட ஈஸி, கழுவி உடைச்சு சல்லியாக்கி மொசைக் தரையில போட்டு பாலிஷ் பண்றது, பழைய வீட்டு மொசைக் தரையில கல்லு இருக்குமே அந்த இடத்துல கண்ணாடி. சிமென்ட்ல போட்டா கண்ணாடியோட வேதிவினை நடந்து நாளாக நாளாக உப்பி வெடிக்க வாய்ப்பு இருக்கு, எபாக்சிங்கிற பசையில போடணும். பிளஸ் டூ முடிச்சுட்டு இதுலயே போகணும்னு ஆசை இருந்தா பெரியமேடு பக்கத்துல 1850ல ஆரம்பிச்ச கவர்மென்ட் கவின் கலைக் கல்லூரி இருக்கு, அங்க செராமிக் படி, சூளை, சூடு, ஆற வைக்கிறதுன்னு அடிப்படை கைக்கு வரும். அகமதாபாத் என்ஐடியில (நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைன்) செராமிக் அண்ட் கிளாஸ் டிசைன்னே தனியா இருக்கு.

நான் மீன் விக்கிறவ. நீங்க சொல்ற ஜன்னல்ல எங்க மீனெல்லாம் வருமா? வந்தா ஒழுங்கா வரைவாங்களா? எங்கேயோ ஒரு செவுத்துல வஞ்சிரம்னு போட்டு வேற ஏதோ மீனை வரைஞ்சு வச்சிருக்காங்க, பாத்துட்டு நாங்கெல்லாம் சிரிச்சோம்.
– காசிமேடு வாசகி

வரணும்க்கா, வராம எப்படி. சங்கராவோட அந்த சிவப்பு கண்ணாடிக்குன்னே பொறந்த கலர். நெத்திலிக்கு டைக்ரோயிக்னு ஒரு கண்ணாடி இருக்கு, நேரா பார்த்தா ஒரு கலர், சாஞ்சு பார்த்தா வேற கலர், கூடையைத் திருப்பும்போது நெத்திலி மினுக்குமே அதை அதுல கொண்டு வரலாம், விலை ஜாஸ்தி, அங்கங்க சின்ன துண்டா வச்சாலே போதும். வஞ்சிரத்துக்கு உடம்புல பட்டை பட்டையா கோடு, முதுகுல வாலை ஒட்டி வரிசையா குட்டி குட்டி துடுப்பு, இதை நெட்டுல போட்டோ பார்த்து வரையுறவங்க கண்டிப்பா கோட்டை விடுவாங்க. அதனால டெண்டர்லயே ரெண்டு வரி சேர்க்கச் சொல்லி மனு எழுதி வச்சிருக்கேன். ஆர்ட்டிஸ்ட் விடியக்காலையில ஏலம் நடக்கிற நேரத்துக்கு ஹார்பருக்கு வந்து மீனை நேர்ல பார்த்து வரையணும், வரைஞ்சதை ஃபர்னஸுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி மீன் விக்கிற பெண்கள் ஒரு பத்து பேர்கிட்ட காட்டி சரின்னு வாங்கணும். அந்தப் பத்து பேர்ல நீங்க ஒருத்தரா இருக்க சம்மதமான்னு ஒரு லெட்டர் போடுங்க, மத்த ஒன்பது பேரையும் நீங்களே சேர்த்தாலும் சரி.